ஏச்சு இல்லாமல் போன சேதி

அம்மையும் பெரியம்மையும் பேசாமலிருந்த இரண்டு வருடமும் அவர்களுடைய பேச்சைச் சுமந்தவள் நான்தான். ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்திருந்தார்கள். இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். ஆனாலும் ஒரு கொத்து கறிவேப்பிலை வேண்டுமென்றால் நான்தான் தெருவழியாகச் சுற்றிப் போய்ச் சொல்ல வேண்டும். சேதி மட்டும் என்றால் பரவாயில்லை. ஒவ்வொன்றின் வாலிலும் பழைய ஏச்சு ஒன்று தொங்கும். திருப்பித் தராத வெண்கல உருளி, காயப்போட்ட நெல்லை மிதித்த கதை என்று அத்தனையையும் ஒன்று விடாமல் ஒப்பிக்க வேண்டும். பத்து வயதிலேயே எனக்கு வாழ்க்கை சலித்துப்போயிருந்தது.

அக்கா நாகர்கோவிலில் எம்.எஸ்சி. விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அவளுக்குச் செமினார். கேட்க வேறு ஆள் கிடைக்காததால் என்னைப் பிடித்து உட்கார வைத்து ஒத்திகை பார்த்தாள். ஒரு நரம்பு செல் அடுத்ததைத் தொடாதாம். நடுவில் சின்ன இடைவெளி. இந்த நுனியில் இருக்கும் குட்டிக் குட்டிப் பைகள் சேதியை அந்த இடைவெளியில் அவிழ்த்துவிடுமாம். நுனியில் பழசாகிப்போனதையெல்லாம் செல்லே வாரிக் கட்டி, செரித்து, தேறுவதை வைத்துப் புதிதாகச் செய்துகொள்ளுமாம். வாராமல் விட்டால் சேதி தாறுமாறாகிவிடும்.

"ஆனா ஒண்ணு..." என்று அக்கா தொடங்கும்போது அம்மை கூப்பிட்டாள். நான் எழுந்து ஓடிவிட்டேன்.

செமினாருக்கான படங்கள் பெரியம்மை வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தன. பிள்ளைகள் போய்வர மட்டும் தடையில்லை. சாயங்காலம் அக்கா பென்டிரைவோடு போனபோது கரண்ட் போய்விட்டது.

"காலையில ஆறு மணிக்கு இவ வருவான்னு பெரியம்மைட்ட சொல்லு. சிலிண்டர் வந்த அண்ணைக்குச் செஞ்ச மாதிரி வீட்டப் பூட்டிட்டு எங்கியும் போயிராண்டாம்னும் சொல்லு," என்றாள் அம்மை.

போகிற வழியிலேயே நான் குப்பையை வாரினேன். சிலிண்டர் போயிற்று. அதோடு பூட்டும் ஆறு மணியும் போய்விட்டன.

"அக்கா காலையில வருவா, பெரியம்மை."

பெரியம்மை மெழுகுவர்த்தியை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். "வேற ஒண்ணும் சொல்லலியா?"

"ஒண்ணும் சொல்லல."

காலை ஆறு மணிக்கு அந்த வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. அம்மை காலி வீட்டைப் பார்த்துக் கத்தினாள். அக்கா ஏழு மணி பஸ்ஸில் அழுதுகொண்டே போனாள். படங்களைக் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்து, பாதி வரைவதற்குள் நேரம் முடிந்து, சாயங்காலம் திரும்பி வந்து, நான் சேதியை வாரிய கதையைக் கேட்டு, என் காதைத் திருகினாள். "அளவுக்கு மீறி வாரினா பையெல்லாம் கொறஞ்சு சேதி ஒழுங்காப் போவாதுன்னுதான் சொல்ல வந்தேன். அதுக்குள்ள உனக்கென்னட்டி அவசரம்?"

அதுகூட எனக்குப் புரிந்தது. புரியாதது பெரியம்மைதான். அன்று காலை பஸ் போய் அரை மணி நேரம் கழித்து, வாழையிலைத் துண்டில் சந்தனத்தோடு வந்து, என்னை ஒதுக்குப்புறமாக இழுத்துக் கேட்டாள்:

"மேலுக்கு முடியலியாட்டி உங்கம்மைக்கு? ரெண்டு வருசத்துல ஒரு நாளாவது என்ன ஏசாம விட்டிருக்காளா? எனக்கு ராத்திரி பூரா உறக்கமில்ல. விடியுமுன்ன சுசீந்திரம் போயி அவ பேருக்கு அர்ச்சனை செஞ்சிட்டு வாறேன். இத அவ நெத்தியில வச்சிரு. நான் தந்தேன்னு சொல்லிராத."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு நாள் ஏச்சு வராததற்குப் போய் யாராவது அர்ச்சனை செய்வார்களா?