ஜிலேபிக் கெண்டைக்கு எத்தனை வயது?

மீனுக்கு வயது பார்ப்பது என் வேலை. இதைச் சொல்லிப் பெண் கேட்கப் போனவன் என்ற முறையில், உத்தியோகத்தைச் சொன்னதும் சிரிப்பை வாங்கிக்கொள்ளும் அன்பர்கள் அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள்.

நாலு செதில்

தென்காசிச் சந்தையில் ஆய்க்குடிப் பக்கத்துக் குளத்து மீன் விற்கும் முப்பிடாதி அக்காவிடம்தான் எனக்கு வாடிக்கை. மீனை அளந்துவிட்டு முதுகோரம் நாலைந்து செதில் எடுத்துக்கொள்வேன். கோடையில் தண்ணீர் வற்றினால் மீன் வளராது. அது செதிலில் ஒரு கோடாக விழும். நான் வேலை பார்க்கும் கல்லூரியின் மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கோடுகளை எண்ணினால் வயது தெரியும். இதை ஒருநாள் நான் விளக்கி முடித்ததும், மீன் வாங்க வந்த பெரியவர் பெருமூச்சு விட்டார். "நாங்க பட்டதயும் இப்படி எவனாவது எண்ணுனா நல்லாருக்கும்லா."

வாய்க்குள்

சாரல் விழுந்த ஒரு காலை. குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவர் ஒருவர் ஜிலேபிக் கெண்டை கேட்டார். இந்த ஜாதியில் தாய் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்கும். வலையில் சிக்கினால் பெரும்பாலும் துப்பிவிடும். அன்று, செத்து விறைத்திருந்த ஒன்றின் வாயைத் திறந்தேன். உள்ளே பத்திருபது குஞ்சுகள், கறுத்த கண்களோடு நெளிந்தன. வாங்க வந்தவர் பையைச் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டினார். அக்கா மட்டும் குஞ்சுகளைச் சொம்புத் தண்ணீரில் விட்டபடி நிதானமாகச் சொன்னாள்: "செத்த பொறவும் வாயத் தொறக்கலன்னா, செத்தது அதுக்கு இன்னும் தெரியல தம்பி."

அஞ்சு கோடை

அன்றுதான் அக்கா என்னிடம் ஓர் உதவி கேட்டாள். ஐந்து கோடைக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர், சிக்கிய வலையை எடுக்க அதே குளத்தில் இறங்கியவர், மூன்றாம் நாள்தான் மிதந்தார். பிள்ளைகள் இல்லை, தனிக்கட்டை. பிழைப்புக்கு அந்த மீனைத்தான் விற்கிறாள். ஆனால் அன்றைக்குக் குளத்தில் கிடந்த மீனை எப்படி வாயில் வைப்பது? எது பழசு, எது புதுசு என்று தெரியாமல் ஐந்து வருஷமாக மீனே சாப்பிடவில்லை. அப்புறம் பிறந்த மீன் ஒன்றைப் பொறுக்கித் தரச் சொன்னாள். வீட்டில் ஒரு ஆள்தானே என்று நான் உள்ளங்கை நீளத்தில் ஒரு கெண்டையை எடுத்தேன். வழக்கம்போல் செதில் உரித்துக்கொண்டேனே தவிர, பார்க்கும்வரை பொறுக்கவில்லை. அளவை வைத்தே, மிஞ்சிப்போனால் ஒரு வயது என்று அடித்துச் சொன்னேன். அக்கா அதை முந்தானையால் துடைத்தாள். "அப்போ இது அவுகளப் பாத்திருக்காது."

நெருக்கமான கோடுகள்

மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். நெருக்கி நெருக்கி ஆறு கோடுகள். அக்கா வீட்டுக்காரர் இறங்கிய அன்று அது அந்தக் குளத்தில்தான் இருந்திருக்கிறது. மீன் பெருகி இரை குறைந்த குளத்தில் ஜிலேபிக் கெண்டை வளராமலே கிழடாகும். பரீட்சையில் எழுதித் தேறிய எனக்குச் சந்தையில் அது நினைவுக்கு வரவில்லை. அந்தப் பாவத்தை நினைத்து அழுகையே வந்துவிட்டது. பஸ்ஸில் சந்தைக்கு வரும்போது ஒரு பொய்யைத் தயார் செய்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்ததும் கையமர்த்திவிட்டாள். "ஒண்ணும் சொல்லாண்டாம் தம்பி. வாயில வைக்கும்போதே தெரிஞ்சுட்டு. அவுகளுக்கும் ஒரு தட்டு வச்சேன். கைகழுவிட்டு வந்து பாத்தா, அதுலயும் முள்ளுதான் கெடந்துச்சு."

இப்போதும் மீனுக்கு வயது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். வாங்குகிறவர்களிடம், வீட்டில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்பதில்லை.