பல்ப் இல்லாத படம்

காணாமல்போனவர்களுக்காக ஜெனீவாவில் இருக்கும் ஐ.நா. மனித உரிமைச் சபைக்கு மனு எழுதுவது, விதைத்தவன் அறுவடை பார்க்காத விவசாயம். எழுதிக் கை ஓய்ந்த தோழர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யுத்தம் முடிந்த நாளிலிருந்து கண்டியில் அதைத்தான் செய்கிறேன். என்னிடம் முதலில் வந்தவர் மஹய்யாவப் பகுதி மாரியாயி, மாநகரசபையில் தெருக் கூட்டுகிறவர். கொழும்பில் கடைவேலை பார்த்த அவர் மகன் சிவாவை யுத்த காலத்தில் ஒரு சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். அவ்வளவுதான் தெரியும்.

நானாவின் நல்ல மனசு

ஜெனீவாவிலிருந்து விசாரிக்க ஆள் வருவதாகச் செய்தி வந்தது. சிவாவின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கக் கெலிஓயாவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஹமீது நானாவிடம் கொடுத்தேன். மனுஷன் காசு வாங்கவில்லை. சட்டம் போட்டு, வழக்கம்போல மேலே சின்னச் சிவப்புப் பல்பும் வைத்துத் தந்தார். பெரிதாக்கக் கொண்டுவருகிற படமெல்லாம் செத்தவர் படம்தானே. எனக்கும் அது உறைக்கவில்லை.

மாரியாயி படத்தைக் கையில் வாங்கவே இல்லை.

"பல்பக் கழட்டிட்டுக் குடுங்க தோழர். உசுரோட இருக்கிறவனுக்கு யாராச்சும் வெளக்குப் போடுவாங்களா?"

என் உரை

வந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. மண்டபத்தில் நான் எழுந்து, வல்லரசுகள் ஒரு கையால் ஆயுதம் விற்று மறு கையால் நீதி பேசுவதைப் பிட்டுப்பிட்டு வைத்தேன். துண்டுப்பிரசுரம் படித்தே வளர்ந்தவன் நான்; மொழிபெயர்ப்பாளருக்கு வியர்த்துவிட்டது. இன்றும் சொல்வேன், அது நல்ல பேச்சு. பின்னாலிருந்து மாரியாயி என் சட்டையை இழுத்தார்.

"கொஞ்சம் உக்காருங்க தோழர். புடிச்சிட்டுப் போனது என் மகனை."

கதிரை கொடுத்தவர்

பிறகு அரச அலுவலகத்திலிருந்து மாரியாயிக்கு அழைப்பு வந்தது. மரணச் சான்றிதழ் எடுத்துக்கொண்டால் நட்டஈடு உண்டாம். அதிகாரி சிங்களவர், நல்லவர். மாரியாயிக்கு உட்காரக் கதிரை போட்டு, தமிழிலேயே பேசினார். பேனாவையும் நீட்டினார்.

"கொன்னது யாருன்னு இதுல போடுவீங்களா, மாத்தயா? போட்டா கையெழுத்து வைக்கிறேன்" என்றார் மாரியாயி.

அதிகாரி தாளின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"அதுக்கு இதுல இடம் வைக்கல, அம்மா."

இத்தனை வருஷ மனுக்களுக்கு ஜெனீவாவிலிருந்து எனக்கு வந்த ஒரே பதில் "கிடைத்தது" என்பதுதான். மாரியாயி வீட்டுச் சுவரில் அந்தப் படத்துக்கு மேல் இன்னும் பல்ப் எரியவில்லை என்பதை வெற்றிக் கணக்கில் எழுதிக்கொண்டு, இந்த வருஷ மனுவுக்கும் தாள் எடுத்துவிட்டேன்.