டேப்பின் மறுமுனை

பேய், பிசாசு, காத்து, கறுப்பு எதையும் நான் நம்பினவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படிக்கிற உங்களில் பாதிப் பேர் இந்த அம்மாளுக்குச் சின்ன வயதிலிருந்தே பயம் போலிருக்கிறது என்றுதான் நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு சுடலைமாடன் கோயில் வழியாகத் தனியாக நடந்து வருகிறவள் நான் ஒருத்திதான். எனக்கு மனிதர்களிடம்தான் பயம். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. இன்றைக்கும் வராது, அதனால்தான் இதை யாரிடமும் சொல்லாமல் எழுதுகிறேன்.

எங்கள் பக்கமெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம் அது. எங்கள் ஊர் தேரூருக்குப் பக்கம். பள்ளிக்கூடம் முடித்ததும் அப்பா என்னை நாகர்கோவிலில் பெண்களுக்கான ஒரு வருடக் கைத்தொழில் வகுப்பில் சேர்த்தார். தையலோடு கூட 'அறை ஒழுங்கு' என்று ஒரு பாடம் உண்டு. ஒரு இடத்தை அளந்து, படம் போட்டு, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, ஆள் எப்படி நடந்து போவார், எதை எங்கே வைப்பது, என்ன திரை போடுவது என்று யோசித்து, அதைச் செய்தும் காட்ட வேண்டும். வருடத்துக்கு மூன்று இடம். ஒரு கடை, ஒரு பொது அறை, ஒரு வீட்டு அறை. மூன்றையும் நன்றாகச் செய்கிறவளுக்கு அங்கேயே உதவி டீச்சர் வேலை கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம், முகம் தெரியாத ஒரு வீட்டில் போய் வாயடைத்து நிற்க வேண்டாம். அந்த வேலை எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

கடைக்கு என் கூடப் படித்த பிலோமியின் அப்பா வைத்திருந்த வலைநூல் கடையை எடுத்துக்கொண்டோம். குளச்சலில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி. கடை நிறையக் கடலுக்குப் போகிற ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அளக்கிற நீளத் துணி டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நான் இந்தச் சுவரோரம், பிலோமி அந்தச் சுவரோரம். "பிடிச்சியா?" என்று நான் சத்தமாகக் கேட்க வேண்டும். எனக்குச் சத்தமே வரவில்லை. பிலோமியின் அப்பா, "எம்மா, ஒனக்க கூட்டுக்காரி மீனு மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடுகா, ஒண்ணும் கேக்கல்லியே" என்று சொல்ல, கடையே சிரித்தது.

பிலோமி கிட்டே வந்து, "ஏட்டி, நீ பேசாண்டாம். நான் முனையச் செவுத்துல வச்சதும் ரெண்டு இழு இழுப்பேன். அப்ப அளவப் பாத்துக்கோ" என்றாள்.

அன்றிலிருந்து எங்களுக்குள் அதுதான் பேச்சு. டேப் விறைக்கும், டக் டக் என்று இரண்டு சின்ன இழுப்பு, நான் அளவைக் குறித்துக்கொள்வேன். எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் அது தெரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, வகுப்புக்குப் பக்கத்திலிருந்த பெண்கள் விடுதியில் வாசிப்பு அறை. அங்கே ஒரு தப்புச் செய்தேன். புத்தக அலமாரி ஜன்னலின் ஓரத்தில் ஒரு சாண் ஏறிவிட்டது. டீச்சர் எல்லார் முன்னாலும் என்னை நிற்க வைத்து, "ஜன்னலை மறைக்கிறதுக்கு உனக்கு எதுக்கு ஒரு படம்?" என்று கேட்டு மார்க்கைப் பாதியாகக் குறைத்தார். எனக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாவது, வீட்டு அறை. அப்போது என் அக்கா செண்பகம் முதல் பேறுகாலத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எங்கள் வீட்டில் பேறு நடக்கிறது நெல் பத்தாயத்தை ஒட்டின இருட்டறையில்தான். பகலிலும் விளக்கு வேண்டும். நான் அப்பாவிடம், பட்டாசல் என்று நாங்கள் சொல்கிற நீளக் கூடத்தின் கிழக்குப் பாதியைப் பலகை வைத்துத் தடுத்தால் இரண்டு ஜன்னலோடு நல்ல வெளிச்சமாக அக்காவுக்கு ஒரு அறை கிடைக்கும் என்று படத்தைக் காட்டினேன். பிலோமியும் ஒரு நாள் வந்து என்னோடு அளந்துவிட்டுப் போயிருந்தாள். கூடத்தின் மொத்த நீளம் இருபத்து நாலடி. மூன்று தடவை அளந்தும் அதேதான்.

பலகை அடிக்க தாணு ஆசாரி வந்தார். எங்கள் பக்கத்தில் தச்சர்கள் ஒரு கணக்குப் பார்ப்பார்கள். அறையின் உள்சுற்றைக் கோலால் அளந்து கணக்குப் போட்டால் அது குழந்தைப் பருவம், பிள்ளைப் பருவம், வாலிபம், முதுமை, மரணம் என்ற ஐந்தில் ஒன்றில் விழுமாம். மரணத்தில் விழுகிற அறையை யாரும் கட்ட மாட்டார்கள். ஆசாரி என் படத்தைப் பார்த்து, கோலை வைத்து அளந்து, விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டார்.

"தங்கச்சி, நீ சொல்லுக இடத்துல பலகை நிறுத்துனா மரணத்துல விழுது. நாலு விரல் மேற்க தள்ளு. வாலிபத்துல நிக்கும்."

"தள்ளினா அடுத்த ஜன்னல்ல பலகை ஏறுமே, அண்ணே" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

"ஏறட்டும். ஜன்னலா பிள்ள பெறப் போகுது?"

அப்பாவும் சிரித்துக்கொண்டே, "ஆசாரி சொல்லுகது போலச் செய், மக்ளே" என்றார். ஆசாரி என்னிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, "நீயே கோடு போட்டு வை. எனக்குச் சுசீந்திரத்துல வேலை கிடக்கு. நாளைக்கு ஆள் ரெண்டு பேர விடுகேன், கோட்டுல நிறுத்திட்டுப் போவானுவ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி சொல்லப் போவதை நான் இருபது வருடத்துக்கு மேலாக யாரிடமும் சொன்னதில்லை. கோட்டை என் படத்தில் இருந்த பழைய இடத்திலேயே போட்டேன். நாலு விரல் தள்ளவில்லை. மறுபடியும் ஒரு ஜன்னலை மறைத்துவிட்டு அந்த டீச்சர் முன்னால் நிற்க என்னால் முடியாது. விரல் கணக்கில் சாவு வருமா என்று மனதுக்குள் கேலி வேறு. மறுநாள் ஆசாரியின் ஆட்கள் வந்து கோட்டிலேயே பலகையை நிறுத்தினார்கள். யாரும் அளந்து பார்க்கவில்லை. வாய் பேசாத பெண் பொய்யும் பேச மாட்டாள் என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு.

அறை நன்றாகத்தான் வந்தது. வெளிர்மஞ்சள் திரை தைத்து வாசலுக்குப் போட்டேன். ஆரல்வாய்மொழிக் காற்று வீசுகிற மாதம், திரை எந்நேரமும் ஆடிக்கொண்டே இருக்கும். அக்கா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, "ஏட்டி ஈசுரி, எனக்க மாப்பிள வீட்டுல கூட இம்புட்டு வெளிச்சம் இல்ல. பிள்ள கண்ணு கூசித் திரும்ப உள்ள போயிரும், பாத்துக்கோ" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை டீச்சர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும், நல்ல வெயில், கடைசிப் படத்துக்காக மொத்த நீளத்தை இன்னொரு தடவை அளந்துவிடலாம் என்று பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து வந்தேன். பிலோமி வரவில்லை. அக்கா உள்ளே படுத்திருக்கிறாள் என்று நினைத்து, டேப்பின் பித்தளை வளையத்தைத் திரைக்கு அடியில் தள்ளி, "அக்கா, இதக் கெழக்குச் செவுத்தோட சேத்துப் பிடி" என்றேன். வளையம் உள்ளே போயிற்று. நான் தள்ளிவிட்டதால் அல்ல, மறுபக்கம் யாரோ எடுத்துக்கொண்ட மாதிரிதான் போயிற்று. நான் டேப்பை விட்டுக்கொண்டே மேற்குச் சுவருக்கு நடந்தேன். டேப் விறைத்தது. இரண்டு இழுப்பு வந்தது.

அளவைப் பார்த்தேன். இருபத்து நாலடிக்கு நாலு விரல் குறைவு. அக்கா சுவரில் சேர்த்துப் பிடிக்கவில்லை போல என்று நினைத்து, "இன்னும் தள்ளிப் பிடி" என்றேன். மறுபடியும் இரண்டு இழுப்பு. அதே நாலு விரல் குறைவு.

அப்போது பின்பக்கக் கிணற்றடியிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "ஏட்டி ஈசுரி, அந்த எண்ணெய்க் கிண்ணத்த இஞ்ச எடுத்துட்டு வாட்டி. குளிக்க நேரமாச்சு."

நம்பினால் நம்புங்கள், அந்தக் குரல் கேட்டு முடிகிற வரைக்கும் டேப் என் கையில் விறைப்பாகத்தான் இருந்தது. நான் விட்டுவிட்டேன். விட்டதும் அது தரையில் விழுந்து கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. சாரைப்பாம்பு போவது மாதிரி வேகமில்லாமல் தரையோடு இழுபட்டுத் திரைக்கு உள்ளே போயிற்று.

பிறகு அந்த இரட்டை இழுப்பு பற்றி அக்காவிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை என்பது ஞாபகம் வந்தது. திரையை விலக்கிப் பார்த்தேன். உள்ளே யாரும் இல்லை. அந்த அறைக்கு வேறு வாசலும் கிடையாது, ஜன்னலில் கம்பி. டேப் அக்காவின் கட்டிலில் நேராக நீட்டி வைக்கப்பட்டிருந்தது. வளையம் தலையணையில். கால்மாட்டில் ஐந்தடி ஒரு அங்குலத்தில் அழுத்தமாக மடித்து, மீதி நீளத்தை ஒழுங்காகச் சுருட்டி வைத்திருந்தது. நான் அப்படிச் சுருட்ட மாட்டேன். பிலோமியும் சுருட்ட மாட்டாள்.

ஓடிப்போய் அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆசாரியைக் கூப்பிட்டு, அண்ணே, நான் கோட்டை மாற்றிவிட்டேன், நாலு விரல் தள்ளிக் கொடுங்கள் என்றால் அரை நாள் வேலை. ஆனால் சொன்னால் எல்லார் முன்னாலும் பொய்க்காரியாக நிற்க வேண்டும். டீச்சர் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், வெள்ளிக்கிழமை சாயங்காலமே சொல்லிவிடுகிறேன் என்று நினைத்தேன். நாலு நாள்தானே. அக்காவை மட்டும், "நீ பழைய அறையில படு" என்று கெஞ்சிப் பார்த்தேன். "எதுக்குட்டி? இத்தன பாடுபட்டு அறை செஞ்சது பூனை படுக்கவா? சவத்த விட்டுத் தள்ளு" என்று சிரித்துவிட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் வலி எடுத்தது. மருத்துவச்சி வந்தாள். எங்கள் அம்மா உள்ளே, நான் திரைக்கு வெளியே. வெயில் சாய்கிற நேரத்தில் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது, பெண் பிள்ளை. அதற்குப் பிறகு மருத்துவச்சி துணி கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அப்பா வண்டி கட்டச் சொன்னார். அக்கா என்னைப் பார்த்து, "ஈசுரி, ஜன்னலத் தொறட்டி, இருட்டா கிடக்கு" என்றாள். இரண்டு ஜன்னலும் திறந்துதான் இருந்தன. வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். மாட்டை நுகத்தில் பூட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் பாடைக்கு மூங்கில் வெட்ட வந்தவர், "ஆள் உயரம் எம்புட்டு இருக்கும்?" என்று முற்றத்தில் நின்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும் என்று தோன்றியது. நான் வாய் திறக்கவில்லை. அவர் கயிறு வைத்து அளந்துகொண்டார். பிறகு அந்தக் கயிறு முற்றத்து மூலையில் கிடந்தபோது, யாரும் பார்க்காமல் டேப்பை எடுத்து வந்து வைத்துப் பார்த்தேன். சரியாக அந்த மடிப்பில் முடிந்தது.

பதினாறு கழிந்து ஆசாரி பலகையைப் பிரிக்க வந்தார். முதலில் ஜன்னலைப் பார்த்தார். பலகை அதில் ஏறாமல், தான் சொன்ன இடத்திலிருந்து நாலு விரல் விலகி நிற்பதைப் பார்த்தார். கோலை எடுத்து அளந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அப்பா பக்கத்தில்தான் இருந்தார், ஆசாரி அவரிடம் எதுவும் சொல்லவில்லை. பலகைகளைப் பிரித்து வண்டியில் ஏற்றிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை.

நான் வகுப்புக்குத் திரும்பப் போகவில்லை. அத்தான் வேறு கல்யாணம் செய்துகொண்டார். அக்காவின் பிள்ளை வடிவை நான் வளர்த்தேன், கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு அது ஒரு காரணமும் ஆயிற்று. துணி தைத்துக் கொடுக்கிறேன். உடம்புக்கு அளவெடுப்பேன். அறைக்கு எடுப்பதில்லை, ஜன்னல் திரைக்குக் கூட அளவை எழுதிக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிடுவேன். அந்தப் பழைய டேப் பெட்டியில்தான் இருக்கிறது. வெந்நீரில் நனைத்து இஸ்திரி போட்டும் அந்த மடிப்பு போகவில்லை.

வடிவு அவள் அம்மாவைப் போலவே இருக்கிறாள் என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள், அந்த நிறம், அந்தச் சிரிப்பு, உயரம் கூட என்று. அவளுக்கு எத்தனையோ பாவாடை, ஜாக்கெட் தைத்திருக்கிறேன், உயரத்தை மட்டும் அளந்து பார்த்ததில்லை. சின்ன வயதில் என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் வாயால் கூப்பிட மாட்டாள். பின்னால் வந்து என் முந்தானையை இரண்டு தடவை இழுப்பாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்போதெல்லாம் எனக்கு உடம்பு ஒரு நொடி விறைத்துப் போகும். பிறகு திரும்பிப் பார்த்தால் பிள்ளை நிற்கும், தூக்கிக்கொள்வேன். வளர வளர அந்தப் பழக்கம் அவளிடமிருந்து போய்விட்டது.

போன மாதம் அவள் முதல் பேறுகாலத்துக்கு இங்கே வந்தாள். பட்டாசலில் வெளிச்சமாக இருக்கிறது, அங்கேயே படுத்துக்கொள்கிறேன் என்றாள். நான் விடவில்லை.

நேற்றுக் காலை அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து என் முந்தானை இரண்டு தடவை இழுபட்டது. பழைய ஞாபகத்தில் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. கையை எடுக்காமல், திரும்பிப் பார்க்காமல், "என்ன மக்ளே, இப்பவும் அந்தப் பழக்கம் போகல்லியா?" என்று கேட்டேன்.

"சித்தி, யாருகிட்ட பேசுகிய?" என்று வடிவு கேட்டாள், கிணற்றடியிலிருந்து.