கறுத்துப்போன சாமந்திகள்

தம்பி திருப்பதியிலிருந்து எனக்கொரு படம் வாங்கி வந்திருந்தான். பதப்படுத்திய பூவிதழ்களை ஒட்டிச் செய்த பெருமாள். "எத்தினி வருஷமானாலும் கலர் போவாதுக்கா" என்றான் பெருமையாக. அட்டையைப் பிரித்ததும் வந்த மருந்து நெடியில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சத்தியவேட்டுப் பக்கம் எங்கள் வீட்டுக் கூடத்தில், யாரோ கையால் வரைந்த பெருமாள் படம் ஒன்று இருந்தது. எங்கள் நிலத்தில் ஒவ்வொரு வருஷமும் முதலில் பூக்கும் சாமந்தியை நைனா அதன் கண்ணாடிக்குள் செருகிவைப்பார், பழையதை எடுக்கவே மாட்டார், அதனால் புதுப்பூ மஞ்சளாக இருக்கும்போதே போன வருஷத்தது தேன் நிறத்திலும் அதற்கு முந்தையது டீத்தூள் நிறத்திலும் வரிசையாக நசுங்கிக் கிடக்கும், அவற்றின் சாறு இறங்கி இறங்கிப் பெருமாளின் நீலம்கூட மழைக்கு முந்தைய வானம்போல ஆகியிருந்தது. நிறத்தை வைத்தே நானும் தம்பியும் அவரவர் பிறந்த வருஷத்துப் பூவைக் கண்ணாடியில் விரல் வைத்துக் காட்டுவோம்.

நிலம் கம்பெனிக்குப் போனதோடு பூவும் நின்றது. அங்கேயே வேலைக்குச் சேர்ந்த தம்பி, முதல் சம்பளத்தில் பளபளவென்று ஒரு படம் வாங்கி மாட்டினான். "அதெல்லாம் கறுத்துப் பூட்ச்சி நைனா" என்று பழையதைக் குப்பையில் போட்டுவிட்டான். நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இன்று மூடவில்லை. படத்தைத் தூக்கி அவன் மடியிலேயே வைத்தேன்.

"இதுல நீ பொறந்த வருஷத்துப் பூ எதுன்னு காட்டுடா" என்றேன்.