மீன்கறியில் மிதந்த இரண்டு துளிகள்

மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சேர்ந்து மணக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ரயில் பெட்டி நினைவுக்கு வந்துவிடும். சில வருடங்களுக்கு முன், ஒரு மத்தியானம். திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து நாகர்கோவிலுக்குத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டி, நம்பிக்கை விட்ட பிறகு வந்த கரு, இரண்டாம் மாதத்திலேயே கலைந்திருந்தது.

எதிரே ஒரு இளம்பெண் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். அத்தனை வாரமும் மீன் வாடை பட்டாலே குமட்டியவள் நான். அன்று குமட்டவில்லை. பசித்தது. அந்தப் பசியில் உடைந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அழுதேன்.

"என்னக்கா, மேலுக்குச் சொகமில்லியா?"

முன்பின் தெரியாதவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். குலசேகரத்துக்கு வேலைக்குப் போக ரப்பர் தோட்டத்துக் குண்டும் குழியுமான ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டியதை. "குலுக்கிக் குலுக்கிக் கரைச்சிட்டியேட்டி" என்று மாமியார் சொன்னதை, அதை நானும் நம்பியதை. வண்டியை விற்று, வேலையையும் விடுவதென்று வளைகுடாவிலிருக்கும் கணவரிடம் சொல்லிவிட்டதை.

அவள் ஆராய்ச்சி மாணவியாம். "நான் டாக்டரில்ல, கேட்டேளா. நான் பாக்கது மீன் கருவாக்கும்" என்றாள். பிறகு கறியின் மேல் மிதந்த இரண்டு எண்ணெய்த் துளிகளை விரல்நுனியால் நெருக்கினாள். தொட்டதும் ஒன்றாகி உருண்டன. கருவின் தொடக்கத்தில் செல்லுக்குள்ளும் இப்படித்தானாம். சுற்றிலும் தோல் இல்லாத துளிகள். சேரும், கரையும், வேறொரு மூலையில் மறுபடி திரளும். யாரும் கைபிடித்துக் கொண்டுபோகாமலே தன் இடம் தேடி ஒழுகும்.

"சிலது சரியா வராதுக்கா. கண்ணாடித் தட்டுல, ஒரு குலுக்கமும் இல்லாம, பொன்னு போலப் பாத்துக்கிட்டாலும் நின்னு போவும். நான் எந்த ரோட்டக் குத்தம் சொல்ல?"

"டாக்டரும் இதத்தான் சொன்னாரு."

"பின்ன? ரெண்டு பேரு சொல்லியாச்சுல்லா. இனி கிழங்கத் தின்னுங்க."

டப்பா மூடியில் பாதியை வைத்து நீட்டினாள். தின்றேன். சேராமல் போன என் துளிக்காக இன்றும் சில நாள் அழுவதுண்டு. குற்ற உணர்வு இல்லாமல், தாயாக மட்டும் அழுகிறேன்.

இரணியலில் ரயில் நின்றது. இறங்கிப் போனவள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் ஜன்னலுக்கு ஓடிவந்தாள்.

"அக்கா, அந்த ஸ்கூட்டர வித்துராதீங்க, கேட்டேளா!"