பெட்டிக்குள் பன்னிரண்டு பாஸ்போர்ட்

அமிர்தவல்லிக்கு உட்காரத் தெரியாது. போர்ட் பிளேரில், ஃபீனிக்ஸ் பே படகுத்துறையின் டிக்கெட் கவுன்டரில் ஒப்பந்த வேலை. நாற்காலி இருந்தும் நின்றுகொண்டேதான் டிக்கெட் கொடுப்பாள். 2023 ஆகஸ்ட் கடைசி வாரத்தில் நிற்கவும் முடியாமல் கண்ணாடிக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தாள்.

கணவன் யோகராஜ் ஆப்பிரிக்காவில், காபோன் நாட்டில் இருந்தான். பெரிய மரத்தைச் சுழலவிட்டு, காகிதம்போல மெல்லிய ஏடாக உரிக்கும் பீலிங் மிஷின் ஓட்டுபவன். அந்தமானில் மர ஆலைகள் மூடியபின் அந்தக் கைக்கு இங்கே வேலையில்லை. லிப்ரவில் நகரத்துக்கு வெளியே ஒரு பிளைவுட் ஆலை கூப்பிட்டது, போனான். "இங்கயும் படாக் மரம் இருக்கு வல்லி, நம்ம மரம் மாதிரியே ரத்தச் சிவப்பு" என்று முதல் நாளே போனில் சொன்னான். இறங்கிய அன்றே மேனேஜர் பாஸ்போர்ட்டை வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டியதை மூன்று மாதம் கழித்துத்தான் சொன்னான். இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து, செப்டம்பர் எட்டாம் தேதி கிளம்ப டிக்கெட் போட்டிருந்தது.

ஆகஸ்ட் 27, ஞாயிறு. அவள் அனுப்பிய செய்திக்கு ஒரே டிக். வெளியே மழை. இந்தத் தீவுகளில் நெட் போனால் குற்றவாளி யாரென்று எல்லோருக்கும் தெரியும்: கடலடிக் கேபிள், இல்லையென்றால் ரோடு தோண்டுகிறவன். ஒரு படம் அனுப்ப அரை நாள் காத்துக் கிடந்த சனத்தின் கோபம் அது. திங்களன்று டெலிபோன் ஆபீசுக்கே போய்ச் சண்டை போட்டாள்.

அங்கிருந்த ராஜமாணிக்கம் பொறுமையாகக் கேட்டார். "மேடம், இங்க எல்லாம் டீக் ஹை, லைன்ல கோளாறே இல்ல. உங்க வீட்டுக்காரர் எந்த ஊர்?"

"காபோன்."

தன் போனில் தேடிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "சனிக்கிழமை அங்க எலெக்ஷன். அன்னிக்கு ராத்திரியே சர்க்கார் நெட்டை பந்த் பண்ணிட்டாங்க. ஊரடங்கு வேற. நீங்க எங்களைத் திட்டிட்டு இருக்கீங்க."

ஒரு அரசு தன் மக்களின் வாயைப் பொத்துவது அவ்வளவு சுலபம். ஐயாயிரம் மைலுக்கும் அப்பால் ஒருத்தி தன் ஊர் மழையைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

பக்கத்து வீட்டு பானு வந்தாள். "அக்கா, முருகனுக்கு ஒத்த ரூபா முடிஞ்சு வைங்க."

"முருகன்கிட்ட அந்தப் பெட்டிச் சாவி இருந்தா இப்பவே வைக்கிறேன்டி."

புதன்கிழமை போன் அடித்தது. யோகராஜ் கத்தினான்: "மிலிட்டரி ஆட்சியப் பிடிச்சிருச்சு! ஜனங்க ரோட்ல ஆடுது வல்லி!"

"பெட்டி?"

"அது அப்படியே இருக்கு."

ஐம்பத்தாறு ஆண்டு ஒரே குடும்பம் ஆண்ட நாடு ஒரு காலையில் கைமாறியது. ஒரு மேனேஜரின் இடுப்புச் சாவி மாறவில்லை. ராணுவம் மூடிய எல்லை சனிக்கிழமை திறந்தபோதும் அவர், "நிலைமை சரியில்லை, டிசம்பரில் பார்க்கலாம்" என்றுவிட்டார்.

"மிஷினைத் தொடாதீங்க" என்றாள் அமிர்தவல்லி.

"வேலையை விட்டுத் தூக்கிருவான்."

"தூக்கினா பாஸ்போர்ட்டைக் குடுத்துத்தானே அனுப்பணும்?"

திங்களன்று அவன் மிஷினை நிறுத்தினான். அவனோடு இருந்த பதினோரு இந்தியர்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய பாஸ்போர்ட்டும் அதே பெட்டியில்தான். மேனேஜர் வேறு ஆளை வைத்து ஓட்டிப் பார்த்தார். ஏடு வரவில்லை, தூள்தான் வந்தது.

வியாழன் மதியம், கவுன்டருக்கு முன்னால் ரங்கத் போகிறவர்களின் வரிசை. போனில் யோகராஜின் குரலில் சிரிப்பு. "மேனேஜர் என்னைத் தனியா கூப்பிட்டு பாஸ்போர்ட்டைக் காட்டினான் வல்லி. இன்னிக்கு மிஷினை ஓட்டி ஒருத்தனுக்குக் கத்துக்குடுத்தா சாயந்திரம் என் பாஸ்போர்ட் கையில. நாளைக்கே ஃபிளைட்!"

அவள் கிழித்த டிக்கெட்டைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டாள். "மத்த பதினோரு பேரோடது?"

"நான் வர வேணாமா உனக்கு?"

"வேணும். ரெண்டு வருஷமா வேணும். அந்தப் பதினோரு வீட்லயும் ஒருத்தி போனைப் பார்த்துட்டுத்தான் இருப்பா."

போனை வைத்துவிட்டான். வரிசையில் இருந்தவர் கண்ணாடியைத் தட்டினார். "அரே மேடம், போட் போயிரும்!"

வெள்ளிக்கிழமை விமானம் போனது. அவன் அதில் இருந்தானா என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு நாள் அவள் போன் செய்தபோதெல்லாம் எடுக்கவில்லை. ஞாயிறன்று ஒரு படம் வந்தது: சிவப்பு மர ஏட்டின் மேல், விசிறிபோல, பன்னிரண்டு பாஸ்போர்ட். கூடவே ஒரு சொல்கூட இல்லை. அவன் மிஷினைத் தொடவில்லை; பெட்டிதான் திறந்திருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து போர்ட் பிளேர் விமான நிலையத்தில் யோகராஜ் இளைத்து வெளியே வந்தான்.

"உன்கூடப் பேசக் கூடாதுன்னு வந்திருக்கேன்."

"பேசாதீங்க. பாஸ்போர்ட்டை எடுங்க, இனி அது நம்ம வீட்டுப் பெட்டியில" என்று கையை நீட்டினாள்.