இலங்கைக்கு ஓர் ஒத்திகை

வாப்பா சவூதியில் ஓர் அரபி வீட்டுக்கு டிரைவராக இருந்தார். எனக்கு விவரம் தெரியும் முன்பே போனவர், என் இரண்டு பெண்களும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் விசாவை முடித்து, எக்ஸிட் அடித்துக்கொண்டு ஒரேயடியாகக் கீழக்கரைக்குத் திரும்பினார். நடுவில் லீவில் வந்த நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்கக் காணாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் வாப்பா ஊரோடு இருந்தால்தான் என்ன ஏதென்று விசாரிப்பார்கள்.

வந்த கொஞ்ச நாளிலேயே அவர் ஓர் அறிவிப்பு விட்டார். குடும்பத்தோடு ஒரு தடவை வெளிநாடு போய்வர வேண்டும். நாலு நாள் போதும். அவரே வண்டி ஓட்டுவார். அரபி வீட்டார் விடுமுறை என்றால் அப்படித்தான் கிளம்புவார்களாம். பஹ்ரைனுக்கும் துபாய்க்கும் அவர்தான் ஓட்டிக்கொண்டு போவாராம்.

"அந்த வீட்டுப் புள்ளையள எத்தனை ஊருக்குக் கொண்டு போயிருக்கேன். எம் புள்ளைய ஒரு ஊருக்கும் கொண்டு போவலயே" என்றார்.

கல்யாணமாகி இரண்டு பெற்ற பிறகு வாப்பா என்னை ஊர் சுற்றிக்காட்டக் கூப்பிடுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

உம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். விமானத்தில் ஏற மாட்டாள்.

"அந்தப் பிளேனு ஒங்களக் கொண்டு போன போக்குக்கு, அதுலயே நானும் ஏறி ஒக்காரணுமாக்கும்? தரை வழியா, தண்ணி வழியா எதாச்சும் இருந்தாச் சொல்லுங்க, வாரேன்."

தண்ணீர் வழியாக எங்களுக்கு வாய்த்த வெளிநாடு ஒன்றுதான். தனுஷ்கோடி முனையில் போய் நின்றாலே கைபேசி ஏமாந்துபோய், இலங்கைக்கு நல்வரவு என்று செய்தி காட்டும். ஆனால் கப்பல் ஏற நாகப்பட்டினம் போயாக வேண்டும். கப்பலில் கார் ஏற்ற மாட்டார்கள். காங்கேசன்துறையில் இறங்கி அங்கே ஒரு காரை வாடகைக்கு எடுத்து, யாழ்ப்பாணம் பார்த்துவிட்டு மன்னார் வரைக்கும் போய்த் திரும்பலாம் என்று முடிவாயிற்று.

அதற்கப்புறம் வாப்பா திட்டம் போட்ட அழகைப் பார்த்திருக்க வேண்டும். காலையில் தெற்கே போகும்போது வெயில் இடது பக்கம் அடிக்கும், அதனால் பிள்ளைகள் வலது பக்கம் உட்கார வேண்டும். பொம்பளைகள் கூச்சப்பட்டுக்கொண்டு அடக்கிக்கொள்வார்கள், அவர்கள் வாய் திறக்கும் முன்பே சுத்தமான கழிப்பறை இருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டும். வயிற்றைப் பிரட்டுகிற பிள்ளைக்குப் புளிப்பு மிட்டாய் எடுத்துவைக்க வேண்டும். கேட்கக் கேட்க எனக்கு ஆச்சரியமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இந்தக் கவனிப்பெல்லாம் முகம் தெரியாத யாரோ பிள்ளைகளுக்குப் போயிருக்கிறது. சின்ன வயதில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் வாந்தி எடுப்பேன் என்பதே அவருக்குத் தெரியாது.

"ரெண்டு ரூம் போட்டாப் போதும். ஒம் உம்மாவும் சின்னவளும் ஒண்ணுல, நீயும் பெரியவளும் ஒண்ணுல" என்றார்.

என் வீட்டுக்காரர் கத்தாரில் இருப்பதால் அவர் கணக்கில் இல்லை. "அப்ப நீங்க?" என்று கேட்டேன்.

"நான் வண்டியில படுத்துக்குவேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து எல்லோரும் சிரித்தோம்.

கப்பலுக்கு டிக்கெட் போடும் முன் ஓர் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று அவரே சொன்னார். தெரிந்தவர் ஒருவரின் காரை வாங்கிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தனுஷ்கோடிக்குக் கிளம்பினோம். உம்மா நல்ல சேலை உடுத்தி, அத்தர் பூசி, நேராக முன் கதவைத் திறக்கப் போனாள். வாப்பா அவளை முந்திக்கொண்டு பின் கதவைத் திறந்து பிடித்தார்.

"பின்னாடி ஒக்காரு. அதான் வசதி."

உம்மா என்னைப் பார்த்தாள். பின்னால் ஏறிக்கொண்டாள்.

வாப்பா ஓட்டினால் மடியில் வைத்த தேநீர்கூடத் தளும்பாது. ஆனால் புறப்பட்டதுமே பின்னால் பார்க்கும் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டார். பின் சீட்டில் பெண்கள் இருந்தால் டிரைவர் அப்படித்தான் செய்ய வேண்டுமாம். பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் "சரி", "ஆமா" என்று மட்டும் பதில் வந்தது. பாம்பன் பாலத்தில் உம்மா, "இந்தக் கடலப் பாருங்க" என்றாள். அவர் சாலையைத்தான் பார்த்தார். வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிற மனிதர், ஸ்டியரிங்கைப் பிடித்ததும் வேறு யாரோ ஆகிவிட்டார்.

முனையில் இறங்கி, மணலில் விரிப்பைப் போட்டுத் தேங்காய்ச் சோற்றையும் பொரித்த மீனையும் எடுத்துவைத்தோம். வாப்பாவைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கண்ணாடியில் படிந்த உப்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வாப்பா, சாப்புடலாம்" என்று கத்தினேன்.

"நீங்க சாப்புடுங்கம்மா. வண்டியப் பாத்துக்கணும்ல."

அந்த வண்டியை அங்கே யாரும் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை. உம்மாதான் ஒரு தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு போனாள். அவர் அதை வாங்கி, காருக்கு அந்தப் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டே அவசர அவசரமாகச் சாப்பிட்டார். அரபி வீட்டார் கடற்கரையில் விரித்து உட்காரும்போது டிரைவர் அப்படித்தான் சாப்பிட்டிருப்பான். என் வாப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்தேன். கத்தாரில் இருக்கிற என் வீட்டுக்காரர் என்ன பழக்கத்தோடு திரும்பி வரப்போகிறாரோ என்று அப்போதே பயம் பிடித்துக்கொண்டது.

அன்று அந்தியில் மஃரிப் தொழுகை முடிந்ததும் உம்மா இலங்கைப் பயணப் பேச்சை எடுத்தாள். கோபமாக அல்ல, பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பக்குவமாகத்தான் சொன்னாள்.

"என்னங்க, அங்கன டிரைவரோட சேத்தே ஒரு வண்டி பிடிச்சுருவோம். நீங்க எங்களோட பின்னாடி ஒக்காந்து வாங்க. போதும், இம்புட்டு வருசம் ஓட்டுனது."

வாப்பா தொப்பியைக் கழற்றி மடித்தார்.

"அப்ப நான் எதுக்கு வரணும்?" என்றார்.

கோபித்துக்கொண்டு கேட்டிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம். தெரியாமல்தான் கேட்டார்.

"எங்களோட இருக்கத்தான்" என்றாள் உம்மா.

"இருந்து என்ன செய்யணும்?"

உம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

மறுநாள் காலையில் நாங்கள் பசியாறிக்கொண்டிருக்கும்போது வாப்பா உற்சாகமாக வந்தார். ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறார்.

"நீங்க போயிட்டு வாங்க. டிரைவரோடயே வண்டி எடுத்துக்கங்க, நல்லாச் சுத்திப் பாருங்க. நாகப்பட்டினம் வரைக்கும் நான் கொண்டாந்து விடுறேன். நாலு நாளும் அங்கனயே வண்டியோட இருக்கேன். நீங்க கப்பல விட்டு எறங்குறப்ப வாசல்லயே நிப்பேன், ஒரு நிமிசம் காக்க வேணாம்."

அதைச் சொல்லும்போது அவர் முகம் தெளிந்திருந்தது. எங்கள் எல்லோருக்கும் நல்லதொரு வழி கண்டுபிடித்துவிட்டதாக அவர் மனதார நம்பினார்.